சியாட்டில் மழைல இருந்து ஃபீனிக்ஸ் வெயிலுக்கு: வீடு மாத்துறவங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சியாட்டில் குளிர்காலம் எப்படி இருக்கும்னு அங்க இருந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிசம்பர்ல விடியவே காலைல எட்டு மணி ஆயிடும், சாயங்காலம் நாலரைக்குள்ள சூரியன் போயிடும், நடுவுல கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் சாம்பல் வானத்துக்குள்ள இருந்து வடிகட்டி வரும், கூடவே நசநசன்னு தூறல். ஒரு குளிர்காலம் சமாளிச்சுடலாம், வருஷா வருஷம் இதே கதைன்னா மனசு நிஜமாவே பாரமாகும், டாக்டர்கிட்ட போனா விட்டமின் டி மாத்திரை எடுங்க, லைட் பாக்ஸ் வாங்குங்கன்னு சொல்லுவாங்க. அதனாலயே நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் ஃபீனிக்ஸ் இருக்குற அரிசோனா பக்கம் பார்க்குறாங்க, பக்கத்து ஊர் சாண்ட்லர்ல இன்டெல் இருக்கு, வடக்கு ஃபீனிக்ஸ்ல சிப் கம்பெனி டிஎஸ்எம்சி வந்திருக்கு, வேலையும் கிடைக்குது.

போறது நல்ல முடிவுதான். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல ஏத்திக்குங்க. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்குற சீசன் ஃபீனிக்ஸ்லயும் உண்டு, அது டிசம்பர்ல இருந்து ஜூலைக்கு மாறுது, அவ்வளவுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டு வீடு, கார், ஸ்கூல், லீவு எல்லாத்தையும் திட்டம் போட்டவங்க அங்க சந்தோஷமா இருக்காங்க, குளிர்லேர்ந்து தப்பிச்சா போதும்னு மட்டும் போனவங்க ரெண்டாவது கோடைக்குள்ள வேற ஊர் தேட ஆரம்பிச்சுடுறாங்க.

"நாங்க வேலூர் வெயிலையே பார்த்தவங்க"ன்னு நினைச்சீங்கன்னா கொஞ்சம் இந்த நம்பரைப் பாருங்க. 2023ல ஜூன் கடைசில ஆரம்பிச்சு தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸ்ல 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டோ தாண்டியோ, அதாவது 43 செல்சியஸுக்கு மேல போச்சு. அடுத்த வருஷம் 2024ல தொடர்ந்து 113 நாள் பகல் உச்ச வெப்பம் 100 டிகிரிக்குக் குறையல. ஊரோட உச்சம் 1990 ஜூன் 26ல பதிவான 122 டிகிரி, 50 செல்சியஸ். இதெல்லாம் கூட பரவாயில்ல, ராத்திரிதான் பிரச்சினை. 2023 ஜூலைல ஒரு நாள் விடியக்காலை குறைஞ்சபட்ச வெப்பமே 97 டிகிரி. கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்கக் குடிச்ச சூட்டை ராத்திரி பூரா வெளிய விடும், உடம்புக்கு ஓய்வே கிடையாது. அந்த ஒரு வருஷத்துல மட்டும் ஃபீனிக்ஸ் இருக்குற மாரிக்கோப்பா கவுண்டில வெயிலால செத்தவங்கன்னு கணக்கு எடுத்தது 645 பேர். பயமுறுத்துறதுக்காகச் சொல்லல, இந்த ஊர்ல ஏசிங்கிறது வசதிப் பொருள் இல்ல, உயிர்ப் பொருள்னு புரியணும்.

முதல் வேலை: போய்ப் பார்க்குறது, அதுவும் ஜூலைல

பிப்ரவரில போய்ப் பார்த்துட்டு முடிவு எடுக்காதீங்க. பிப்ரவரில ஃபீனிக்ஸ் சொர்க்கம், 70 டிகிரி, நீல வானம், ஆரஞ்சுப் பூ வாசனை ஆரம்பிக்கிற நேரம், யாருக்கும் பிடிச்சுப் போகும். ஜூலைலயோ ஆகஸ்ட்லயோ ஒரு நாலஞ்சு நாள் குடும்பத்தோட போய் இருங்க. மத்தியானம் மூணு மணிக்கு காஸ்ட்கோ கடை வாசல்ல இருந்து பார்க்கிங்ல நிக்கிற காருக்கு சாமானோட நடந்து பாருங்க, ராத்திரி பத்து மணிக்கு வெளிய ஒரு வாக்கிங் போங்க, குழந்தைங்க அந்த வெயில்ல என்ன பண்றாங்கன்னு பாருங்க. அதுக்கப்புறமும் சரின்னு தோணுச்சுன்னா தைரியமா கிளம்பலாம்.

ரெண்டாவது: விசா, டாக்ஸ்

ஹெச்1பி வேலை விசால இருக்குறவங்க இதை மொதல்ல பாருங்க. அதே கம்பெனி, அதே வேலை, வீட்ல இருந்தேதான் வேலை பார்க்கப் போறீங்கன்னாலும், வேற மெட்ரோ ஏரியாவுக்கு வேலை செய்யுற இடம் மாறுதுன்னா கம்பெனி ஹெச்1பி அமெண்ட்மென்ட் (விசா மனுல திருத்தம்) ஃபைல் பண்ணியாகணும், அதுவும் நீங்க மாறுறதுக்கு முன்னாடியே. மேனேஜர் ஓகே சொல்லிட்டார்னு கிளம்பிடாதீங்க, கம்பெனி இமிக்ரேஷன் டீம்கிட்ட எழுத்துல வாங்குங்க. கிரீன் கார்டு ப்ராசஸ் நடந்துக்கிட்டு இருந்தா அதோட முதல் கட்டமான பெர்ம் (PERM) பாதிக்குமான்னு அப்பவே வக்கீல்கிட்ட கேட்டுடுங்க. வீடு மாறின 10 நாளைக்குள்ள இமிக்ரேஷன் துறைக்கு ஏஆர்-11 ஃபார்ம்ல அட்ரஸ் சேஞ்ச் சொல்றதும் கட்டாயம்.

அப்புறம் சம்பளம். வாஷிங்டன்ல சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, அரிசோனால 2.5 சதவீதம், எல்லாருக்கும் ஒரே ரேட். மத்த மாநிலத்தோட ஒப்பிட்டா கம்மிதான், ஆனா கைல வர்ற பணம் குறையும், ஆஃபர் பேசும்போதே இதைக் கணக்குல எடுங்க. மாறுற வருஷத்துக்கு அரிசோனால பகுதி வருஷ ரெசிடென்ட்டா ஃபைல் பண்ணணும், அதனால எந்தத் தேதில மாறினீங்கங்கிறதுக்கு லீஸ் பேப்பர், மூவிங் பில் எல்லாம் பத்திரமா வெச்சுக்குங்க.

எப்ப மாறலாம்

குழந்தைங்க இல்லைன்னா யோசிக்கவே வேண்டாம், அக்டோபர் கடைசில இருந்து நவம்பர். சியாட்டில் இருட்டுல மூழ்குற நேரத்துல நீங்க அங்க ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கலாம், அடுத்த கோடை வர்றதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஊரைப் பழகிக்க டைம் கிடைக்கும்.

ஸ்கூல் பிள்ளைங்க இருந்தா சிக்கல். சியாட்டில் பக்கம் செப்டம்பர்லதான் ஸ்கூல் திறக்கும், சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் எல்லாம் ஜூலை கடைசிலயே திறந்துடுவாங்க, அதுக்குப் பதிலா மே மாசமே முடிச்சுடுவாங்க. சியாட்டில் ஸ்கூல் முடியுறதே ஜூன் நடுவுல, அப்புறம் ஒரு மாசம்தான் கைல இருக்கும், அதுவும் உச்ச வெயில் மாசம். வேற வழியில்லாம ஜூலைலதான் மாறணும்னா, சாமான் இறக்குறதை விடியக்காலை அஞ்சு மணிக்கு வெச்சுக்குங்க, ஏசியும் கரண்ட்டும் முந்தின நாளே ஓட ஆரம்பிச்சிருக்கணும், ஆள் போய்ச் சேர்ந்த பிறகு கனெக்ஷன் வாங்கிக்கலாம்ங்கிற பேச்சே கூடாது.

வீடு பார்க்குறது

இதுலதான் அதிக நேரம் செலவு பண்ணணும்னு நான் சொல்லுவேன்.

மொதல்ல திசை. சியாட்டில்ல வெளிச்சம் வரணும்னு மேற்கு, தெற்கு ஜன்னலா தேடித் தேடி எடுத்திருப்பீங்க, இங்க அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க. பெரிய மேற்குப் பக்க கண்ணாடி இருக்குற ஹாலுன்னா மத்தியானம் ரெண்டு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் அந்த ரூம் அடுப்பு மாதிரி கொதிக்கும், ஏசி விடாம ஓடும். வடக்கு தெற்கு பார்த்த வீடு நல்லது, பின்பக்கத் திண்ணை (patio) வடக்கையோ கிழக்கையோ பார்த்திருந்தா சாயங்காலம் நிழல்ல உட்காரலாம். மேற்கு ஜன்னலை தவிர்க்க முடியலன்னா வெளிப்பக்கம் சன் ஸ்கிரீன் மாட்டியிருக்கான்னு பாருங்க, உள்பக்கத் திரையை விட வெளிய தடுக்குறதுதான் வேலை செய்யும்.

அடுத்தது ஏசி. வயசு என்ன, கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்க, வெளிய யூனிட் கூரைல இருக்கா தரைல இருக்கா, எல்லாத்தையும் கேளுங்க. 12, 15 வருஷம் ஆன யூனிட்னா இன்னும் ரெண்டு கோடை தாங்குமான்னு சொல்ல முடியாது, வீடு வாங்குறவங்க அந்தச் செலவை விலைல பேசிக் குறைக்கணும். வாடகைக்குப் போறவங்களுக்கு ஒரு சட்டம் தெரிஞ்சிருக்கணும், ஃபீனிக்ஸ் சிட்டி லிமிட்டுக்குள்ள ஏசி இருக்குற வாடகை வீட்டை 82 டிகிரி அல்லது அதுக்குக் கீழ வெச்சிருக்க முடியுற மாதிரி ஓனர் பார்த்துக்கணும். ஏசி ரிப்பேர்னு சொல்லி ஒரு வாரம் இழுத்தா இதை எடுத்துக் காட்டலாம். போன ஜூலை, ஆகஸ்ட் கரண்ட் பில்லை ஓனர்கிட்ட கேட்டு வாங்குங்க, வருஷ சராசரி சொன்னா ஒத்துக்காதீங்க.

கரண்ட் எஸ்ஆர்பி, ஏபிஎஸ்னு ரெண்டு கம்பெனில ஒண்ணுல இருந்து வரும், நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, அட்ரஸைப் பொறுத்தது. நீங்க தேர்ந்தெடுக்கக் கூடியது பிளான். நேரத்துக்கு ஏத்த ரேட் பிளான்ல சாயங்காலப் பீக் நேரத்துல யூனிட் விலை ரொம்ப ஏறும், ஏபிஎஸ்ல அது வார நாள்ல நாலு மணில இருந்து ஏழு மணி வரைக்கும். மத்தியானமே வீட்டை 75க்கு இறக்கிக் குளிர வெச்சுட்டு, பீக் ஆரம்பிச்சதும் தெர்மோஸ்டாட்டை 80க்கு ஏத்தி விட்டா வீடு மெதுவாத்தான் சூடேறும், பில்லும் நல்லாக் குறையும். துணி துவைக்கிறது, டிஷ்வாஷர், கிரைண்டர் எல்லாம் அந்த நேரம் வேண்டாம். பகல் பூரா வயசானவங்களோ கைக்குழந்தையோ வீட்ல இருந்தா இந்த விளையாட்டு வேணாம், சாதாரண பிளானே எடுங்க.

தண்ணி. ஃபீனிக்ஸ் தண்ணி கொலராடோ ஆத்துல இருந்து கால்வாய்லயும், சால்ட் ரிவர், வெர்டே ஆறுகள்ல இருந்தும் வருது. உப்புக் கனம் ஜாஸ்தி, குழாய் வாயில வெள்ளையாப் படியும், முடி வறண்டு கொட்டுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதனால வாட்டர் சாஃப்ட்னர் இருக்குற வீடா பாருங்க, குடிக்க ஆர்ஓ வெச்சுக்குங்க. வீடு வாங்குறவங்க, முக்கியமா ஊர் எல்லைல விலை கம்மியா கிடைக்குதுன்னு வாங்குறவங்க, தண்ணி யார் தர்றாங்கன்னு கேட்காம கையெழுத்துப் போடாதீங்க. ஸ்காட்ஸ்டேல் பக்கத்துல இருக்குற ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ்ல நல்ல நல்ல வீடுங்க இருந்தும், 2023 ஜனவரில ஸ்காட்ஸ்டேல் அங்க லாரிக்குத் தண்ணி தர்றதை நிறுத்திடுச்சு, ஜனங்க ரொம்பத் திண்டாடிப் போனாங்க.

நீச்சல் குளம் உள்ள வீடுன்னா, வீட்ல ஆறு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா சுத்தி 5 அடி தடுப்பு சட்டப்படி வேணும். சட்டத்துக்காக இல்லாட்டியும் போடுங்க, பிளீஸ்.

தேள். இதைப் பத்திக் கேட்டாலே நிறைய பேர் முகம் மாறும். அரிசோனா பார்க் (bark, மரப்பட்டை) தேள் சின்னதா வைக்கோல் நிறத்துல இருக்கும், சுவரு ஏறும், பகல்ல கண்ணுல படவே படாது. ஆனா யூவி டார்ச் அடிச்சா பச்சையா பளிச்னு மின்னும். ஒரு வீட்டை முடிவு பண்றதுக்கு முன்னாடி இருட்டினப்புறம் ஒரு யூவி டார்ச்சோட போய்ப் பின்பக்க மதில் சுவரைச் சுத்திப் பாருங்க, ஒரு ரவுண்டுலயே நிலவரம் தெரிஞ்சுடும். கதவடி இடுக்கை அடைக்கிறது, ஷூவை உதறிப் போடுறது, தொட்டிலைச் சுவத்துல ஒட்டாம வைக்கிறது, இதெல்லாம் பழக்கமாகணும். கொட்டினா பெரியவங்களுக்குப் பெரும்பாலும் வலியும் மரத்துப் போறதும்தான், சின்னக் குழந்தைன்னா உடனே ஆஸ்பத்திரி.

சாமான் கட்டுறது

குளிர் உடுப்பை எல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு மணி நேரம் வடக்க ஏறினா ஃப்ளாக்ஸ்டாஃப், 7000 அடி உயரம், அங்க நல்லா பனி கொட்டும், ஃபீனிக்ஸ்லயே ஜனவரி ராத்திரி 40 டிகிரிக்கு வரும், ஆஃபீஸ்ல ஏசி குளிருக்கு வருஷம் பூரா ஸ்வெட்டர் வேணும்.

மருந்து, லேப்டாப், மெழுகுவர்த்தி, கிரேயான், சாமி ரூம் கற்பூரம், இதெல்லாம் மூவிங் டிரக்ல ஏத்தாம உங்க காருக்குள்ள ஏசில வரட்டும். கறிவேப்பிலைச் செடி வெச்சிருக்கவங்களுக்கு வருத்தமான செய்தி, எலுமிச்சைக் குடும்பச் செடிங்களை மாநிலம் தாண்டிக் கொண்டு போறதுக்குப் பூச்சி பயத்தால கட்டுப்பாடு இருக்கு, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான், அங்கேயே புதுசா வாங்கி வளர்த்துக்கலாம். மத்தியான வெயிலுக்கு மேல ஒரு நிழல் துணி கட்டினா செம்மையா வளரும், சியாட்டில்ல ஜன்னலோரம் வெச்சுக் கெஞ்சிக்கிட்டு இருந்த மாதிரி இல்ல.

கார் ஓட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு 1400 மைல் சொச்சம், ரெண்டு ராத்திரி தங்கிப் போறது நிதானம். பாய்சி, ட்வின் ஃபால்ஸ், ஈலி, லாஸ் வேகஸ், கிங்மேன் வழி நல்லா இருக்கும், நெவாடா உள்ள பெட்ரோல் பங்க் ரொம்பத் தள்ளித் தள்ளித்தான் வரும், பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிக்குங்க. நவம்பருக்கு மேல போனா ஓரிகன்ல பெண்டில்டன் தாண்டி வர்ற ப்ளூ மவுண்டன்ஸ்ல பனி இருக்கும், ரோடு நிலவரம் பார்த்துட்டுக் கிளம்புங்க.

காரைப் பழக்குறது

அரிசோனாவுக்குக் குடி வந்ததும் வண்டியை அங்க ரெஜிஸ்டர் பண்ணணும், ஃபீனிக்ஸ் ஏரியால எமிஷன் டெஸ்ட்டும் உண்டு, புது வண்டிக்கு முதல் சில வருஷம் வேண்டாம். வெயில் பேட்டரியைத் தின்னும், ரெண்டு மூணு வருஷத்துல போயிடும், அதனால ஏப்ரல்லயே டெஸ்ட் பண்ணிடுங்க, பழைய டயரையும் அப்பவே பாருங்க. வைப்பர் ரப்பர் மழையே பெய்யாம வெயில்லயே காஞ்சு பிஞ்சு போகும், மான்சூன் முதல் மழைலதான் அது தெரிய வரும். விண்ட்ஷீல்டுக்கு மறைப்பு, ஜன்னலுக்கு டின்ட் ரெண்டும் வேணும், முன் சீட்டு பக்கவாட்டு ஜன்னல்ல குறைஞ்சது 33 சதவீத வெளிச்சம் உள்ள வர்ற மாதிரிதான் சட்டம். மூடின பார்க்கிங் இருக்குற அபார்ட்மெண்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்ல. சீட் பெல்ட் பக்கிள் ஒண்ணு போதும் சின்னக் குழந்தைக்குத் தோல் வெந்து போக, தொட்டுப் பார்த்துட்டு மாட்டி விடுங்க. காருக்குள்ள குழந்தையை ஒரு நிமிஷம் கூட விட்டுட்டுப் போகாதீங்க.

முதல் சில மாசம், உடம்பு

காத்து அவ்வளவு வறட்சி, வேர்வை தோல்ல நிக்கவே நிக்காது, வந்ததும் ஆவியாயிடும். அதனால வேர்க்கலன்னு நினைச்சுத் தண்ணி குடிக்க மறந்துடுவீங்க, சாயங்காலம் தலைவலியா வந்து நிக்கும். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிக்கணும், மோர்ல உப்புப் போட்டுக் குடிக்கிறது இந்த ஊருக்குன்னே செஞ்சு வெச்சது. மூக்குல ரத்தம் வரலாம், உதடு வெடிக்கும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க, படுக்கை ரூம்ல ஹியூமிடிஃபையர் வைங்க.

வேலி ஃபீவர்னு (Valley fever) ஒரு நோய் இருக்கு, புதுசா வர்றவங்க யாருக்கும் இதைப் பத்தித் தெரியுறதில்ல. மண்ணுல இருக்குற ஒரு பூஞ்சைக் காளான், தூசி பறக்கும்போது மூச்சு வழியா நுரையீரலுக்குப் போகும், ஒண்ணுல இருந்து மூணு வாரம் கழிச்சு காய்ச்சல், இருமல், மூட்டு வலி, எழுந்திருக்கவே முடியாத அசதி. ஃப்ளூன்னோ நிமோனியான்னோ நினைச்சு ஆன்டிபயாட்டிக் கொடுப்பாங்க, பூஞ்சைக்கு அது கேட்காது. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது, நிறைய பேருக்கு தானாவே சரியாயிடும், ஆனா சர்க்கரை நோய் இருக்குறவங்க, கர்ப்பிணிங்க ரொம்ப கவனமா இருக்கணும். இருமலும் அசதியும் வாரக்கணக்கா விடலன்னா டாக்டர் சொல்லாட்டியும் நீங்களே வேலி ஃபீவர் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

கோடை

நாளைச் சீக்கிரமே ஆரம்பிங்க. அரிசோனால கோடைக்குக் கடிகாரத்தை மாத்துற டேலைட் சேவிங் கிடையாது, ஜூன்ல காலைல அஞ்சேகாலுக்கெல்லாம் விடிஞ்சுடும், நடை, தோட்ட வேலை, குழந்தைங்களோட பார்க் எல்லாம் ஏழு மணிக்குள்ள முடிச்சுடணும். சியாட்டில்ல ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சத்துல விளையாடின பசங்களுக்கு இது முதல்ல கஷ்டமா இருக்கும். வெறுங்காலோட வாசலுக்குக் கூட போக விடாதீங்க, தார் ரோட்டுல விழுந்து தீக்காயம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்க ஒவ்வொரு கோடையும் இருக்காங்க. தோட்டத்துக் குழாய்ல முதல்ல வர்ற தண்ணி கொதிக்கும், அதை மண்ணுல விட்டுட்டு அப்புறம்தான் குழந்தை கைல கொடுக்கணும். கேமல்பேக் மலை மாதிரி ட்ரெயிலை எல்லாம் கடும் வெயில் எச்சரிக்கை உள்ள நாள்ல பகல்ல மூடிடுவாங்க, மூடாத நாளும் ஜூலைல ஏறாதீங்க.

ஏசி ஃபில்டரை மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ஜூலை நடுவுல ஏசி நின்னா பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், வெளி யூனிட் ஊம்னு சத்தம் மட்டும் போடும், ஃபேன் சுத்தாது. வீடியோ பார்த்து நீங்களே கை வைக்காதீங்க, கரண்டை நிறுத்தினாலும் அதுல சார்ஜ் இருக்கும். மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகலாம், அதனால எந்த ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போகலாம், எந்த லைப்ரரி கிட்ட இருக்குன்னு முன்னாடியே பேசி வைங்க.

இந்த வெயில்ல நல்லதும் இருக்கு. இட்லி மாவு மூணு நாலு மணி நேரத்துல பொங்கிடும், கவனிக்கலன்னா புளிச்சே போயிடும். வத்தல், வடாம், மோர் மிளகாய் எல்லாம் ஒரே நாள்ல கலகலன்னு காயும், காலைல பிழிஞ்சா சாயங்காலம் டப்பால போடலாம், தூசிப் புயல் வராத ஜூன் முதல் வாரம்தான் அதுக்குச் சரியான நேரம்.

மான்சூன்

ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரை. சியாட்டில் தூறலை நினைச்சுக்காதீங்க, வருஷம் பூரா பெய்யுறதே ஏழெட்டு இஞ்ச், அதுல மூணுல ஒரு பங்கு போல இந்த சீசன்ல சில மணி நேரங்கள்ல கொட்டித் தீர்க்கும். அதுக்கு முன்னாடி ஹபூப் வரும், ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்குத் தூசிச் சுவரு ரோட்டை மூடிடும். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வந்துச்சுன்னா ரோட்டை விட்டு நல்லாத் தள்ளி நிறுத்துங்க, லைட் எல்லாத்தையும் அணைங்க, பிரேக்ல இருந்து காலை எடுத்துட்டு ஹேண்ட்பிரேக் போடுங்க. லைட் எரிஞ்சா பின்னாடி வர்றவன் அதுதான் ரோடுன்னு நினைச்சு உங்க மேலயே வந்து ஏத்துவான். காஞ்சு கிடக்குற ஓடைல தண்ணி திடீர்னு வரும், தடுப்பைத் தாண்டி வண்டியை விட்டு மாட்டிக்கிட்டா மீட்புச் செலவை உங்க தலைல கட்ட அங்க சட்டமே இருக்கு.

அப்பா அம்மாவைக் கூப்பிடுறது

சியாட்டில்ல இருந்தவரை மே, ஜூன்லதான் கூப்பிட்டிருப்போம், அப்பதான் அவங்களால வெளிய நடக்க முடியும். இங்க அதை அப்படியே திருப்புங்க, நவம்பர் முதல் வாரம் வந்து மார்ச் கடைசில கிளம்புற மாதிரி டிக்கெட் போடுங்க. பொங்கலும் வந்துடும், மாரிக்கோப்பாங்கிற ஊர்ல இருக்குற மகா கணபதி கோவிலுக்கு வெயில் தொந்தரவு இல்லாம போய்ட்டு வரலாம், காலை மாலை ரெண்டு வேளையும் நடக்கலாம். சர்க்கரை, பிபி மாத்திரை எடுக்குறவங்கன்னா, சில மாத்திரைங்க உடம்புல தண்ணியைக் குறைக்கும், வர்றதுக்கு முன்னாடியே அவங்க டாக்டர்கிட்ட வறண்ட ஊருக்குப் போறோம்னு சொல்லிக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. இன்சுலின் போஸ்ட்ல வரவழைக்கிறதா இருந்தா மெயில் பாக்ஸ்ல கிடக்காம கைல வாங்குற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, மார்ச் கடைசிலயே அந்தத் தகரப் பெட்டிக்குள்ள சூடு ஏற ஆரம்பிச்சுடும்.